ஒரே கையில் கொடுத்து வைத்தது

முதலில் கேட்டது கார் கதவு சாத்தும் சத்தம். என் கொழுந்தனார் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். படையல் சோற்றை டப்பாவில் போட்டுக் கொடுத்துவிடலாமென்று சமையலறைப் பக்கம் திரும்பினேன். அவர் கிளம்பவில்லை. ஓட்டுகிறவர் இருக்கைக்கு அடியில் எப்போதும் கிடக்கும் ஸ்டீரிங் லாக்கை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். கார் திருடு போகாமலிருக்க மாட்டுகிற கனமான இரும்புத் தடி அது. கிள்ளானில் பலர் அதைப் பூட்டுவதற்காக வைத்திருப்பதில்லை.

முதல் அடி கண்ணாடி மேசையில் விழுந்தது. மேசை மேல் இருந்த வடைத் தட்டு, காப்பிக் கோப்பைகள், என் கணவரின் மூக்குக் கண்ணாடி எல்லாம் ஒன்றாகக் கீழே இறங்கின. அடுத்த அடி தொலைக்காட்சியில். அதற்கடுத்தது, தடுப்பதற்காகத் தூக்கிய என் கணவரின் இடது கையில். எலும்பு முறிகிற சத்தம் அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பச்சைக் குச்சியை ஒடித்தது போலிருந்தது. அவர் கத்தவில்லை. "டேய்" என்று மட்டும் சொன்னார், சின்ன வயதில் தம்பியைக் கூப்பிட்டிருக்கக்கூடிய அதே குரலில்.

மாதங்கள் ஆகிவிட்டன. இன்றும் வாசலில் யாராவது கார் கதவைச் சாத்தினால் என் கை மகளைத் தேடுகிறது.

இவ்வளவும் தொடங்கியது எங்கள் மகளைப் பற்றிய ஒரு கேள்வியில். எங்களுக்கு அவள் ஒருத்திதான். இருபது வயதை நெருங்குகிறாள். துணி மடிப்பாள், தன் தட்டைத் தானே கழுவுவாள், பகல் பராமரிப்பு மையத்தில் சொல்லிக் கொடுத்த பாட்டுகளை எல்லாம் பாடுவாள். ஆனால் பத்து வெள்ளி நோட்டுக்கும் நூறு வெள்ளி நோட்டுக்கும் அவளுக்குத் தெரிந்த வித்தியாசம் நிறம்தான். இரண்டையும் நீட்டினால் சிவப்பு பிடிக்கும் என்பதால் பத்து வெள்ளியை எடுத்துக்கொண்டு சிரிப்பாள். அவளைப் பெற்ற நாளிலிருந்து எனக்கு ஒரே கவலை. நாங்கள் இரண்டு பேரும் போன பிறகு இவளுக்கு யார் சோறு போடுவது, அந்தச் சோற்றுக்கு வைத்துவிட்டுப் போகிற காசை யார் தொடாமல் வைத்திருப்பது.

இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு நான் பல இடம் போயிருக்கிறேன். வருடா வருடம் காலண்டரோடு வருகிற காப்புறுதி முகவர் என் கணவருக்குச் சொந்தம். அவரிடம் கேட்டேன். இன்னொரு பாலிசி எடுங்கள் என்றார். சுபாங் ஜெயாவில் நான் வேலை செய்யும் கல்லூரிக்குப் பக்கத்திலேயே வங்கி. அங்கிருந்த பெண் கணினித் திரையை என் பக்கம் திருப்பி, நிலையான வைப்பில் போட்டால் எவ்வளவு வட்டி என்று காட்டினாள். யூனிட் டிரஸ்ட் முதலீடு விற்கும் சக ஊழியர், எத்தனை வருடம் பணத்தைத் தொடாமல் இருப்பீர்கள் என்று கேட்டார். மூன்று பேரும் நல்லவர்கள், யாரும் ஏமாற்றவில்லை. அவரவர் வேலை எதுவோ அதற்குள் நின்று பதில் சொன்னார்கள். என் கேள்வி அந்த வேலைகள் எதிலும் அடங்கவில்லை.

பராமரிப்பு மையத்துக்குத் தன் மகனைக் கொண்டு வந்து விடும் ஒரு தாய்தான் பிரிக்பீல்ட்ஸில் இருந்த ஆலோசகரைப் பற்றிச் சொன்னார். வெல்த் மேனேஜ்மெண்ட் என்று அவர் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அதெல்லாம் குன்று மேல் பங்களா வைத்திருப்பவர்கள் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். என் கணவர் ஏர்கோன் குளிர்சாதனம் பழுது பார்ப்பவர். ஏணியும் குளிரூட்டும் கேஸ் அடைத்த தோம்பும் ஏற்றிய ஒரு வேன்தான் அவர் கம்பெனி. எங்களுக்கு எங்கே செல்வம், அதற்கு என்ன மேலாண்மை.

சேலைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அலுவலகம். மோனோரெயில் போகும்போது ஜன்னல் லேசாக அதிர்ந்தது. ஆலோசகர் முப்பதைத் தாண்டிய பெண். கீழே கடையில் அந்த வீட்டு மூத்த மகளைப் போல நின்று பேசிக்கொண்டிருந்தவர்தான் எங்களைப் பார்த்து மேலே அழைத்து வந்தார். எதையும் விற்பதில்லை, எந்தக் கம்பெனியும் தனக்குக் கமிஷன் கொடுப்பதில்லை, எங்களிடம் வாங்கும் கட்டணம் மட்டும்தான் என்று முதலிலேயே சொன்னார். என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. பேசுவதற்கே காசா என்று என் காதில் முனகினார்.

"அக்கா, இன்சூரன்ஸ் ஏஜென்ட் அடி விழுந்தா காசு வர்றதுக்கு வழி சொல்வாரு. பேங்க்கு காசை எங்க போடலாம்னு சொல்லும். ஷேர் வாங்கிக் கொடுக்கறவரு எதை வாங்கலாம்னு சொல்வாரு," என்றார் அவர். "நான் கேக்கறது வேற. உங்ககிட்ட மொத்தமா என்ன இருக்கு, அது இப்ப யாரு கையில இருக்கு, நீங்க இல்லாத அன்னிக்கு யாரு கைக்குப் போவும். இதைப் பார்த்துட்டுத்தான் மத்ததெல்லாம்."

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். வீடு யார் பெயரில்? கொழுந்தனார் பெயரில். காப்புறுதியில் யாரைக் குறித்திருக்கிறீர்கள்? கொழுந்தனாரை. சேமநிதியில்? அதிலும் அவரைத்தான். மகளைப் பார்த்துக்கொள்ளப் போவது? அவர்தான். சொல்லச் சொல்ல எனக்கே என் குரல் வேறு யாரோ பேசுவது போல் கேட்டது.

இதில் எங்களுக்கு வினோதமாக எதுவும் தெரிந்ததில்லை. வீடு வாங்கிய காலத்தில் என் கணவரிடம் சம்பளச் சீட்டு கிடையாது. மகளுக்காக நானும் வேலையை விட்டிருந்தேன். அப்போது துறைமுகத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்த கொழுந்தனாரிடம் மாதச் சம்பளச் சீட்டு இருந்தது; சொந்த லோரி வாங்கியதெல்லாம் பிறகுதான். வங்கி அவருக்குத்தான் கடன் கொடுக்கும். அதனால் வீடு அவர் பெயரில், மாதத் தவணை எங்கள் கையிலிருந்து. எங்கள் தாமான் குடியிருப்பில் பாதி வீடுகள் இப்படித்தான் வாங்கப்பட்டன. யார் பெயரில் இருந்தால் என்ன, குடும்பத்துக்குள்தானே இருக்கிறது என்பார்கள்.

அதோடு இன்னொன்றும் இருந்தது. கொழுந்தனாரைக் கண்டால் ஊரே கொஞ்சம் ஒதுங்கும். ஒருமுறை ஃபெடரல் நெடுஞ்சாலையில் எங்களை ஏற்றி வந்த அவர் காரை உரசிவிட்டுத் திட்டிய ஒருவனை, பாதையோரம் நிறுத்த வைத்து, அதே ஸ்டீரிங் லாக்கால் அவன் பக்கக் கண்ணாடி இரண்டையும் உடைத்தார். பின் இருக்கையில் மகள் காதைப் பொத்திக்கொண்டாள். வீடு வந்து சேர்ந்ததும் நாங்கள் அதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னோம். கல்யாணங்களிலும் சொன்னோம். என் மாமனார் பிள்ளைகளைப் பெல்ட்டால் வளர்த்தவர். அந்த அடிகளையும் அண்ணன் தம்பி இருவரும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். அந்த வீட்டில் கை ஓங்குகிறவன் காப்பாற்றுகிறவன். நான் கல்யாணமாகி வந்து அதை நம்பப் பழகிக்கொண்டேன்.

என் கணவர் ஆலோசகரிடம் பெருமையாகவே சொன்னார். "எல்லாம் அவன் கையில இருந்தா வெளியாளு யாரும் கை வைக்க மாட்டான் லா."

அவர் சிரிக்கவில்லை. "அவரே வச்சா, அண்ணே?"



மகளுக்காக ஓர் அறக்கட்டளை ஏற்படுத்தலாம் என்றார் ஆலோசகர். வீடும் காப்புறுதிப் பணமும் அதற்குள் போகும். ஒரு நிறுவனம் அதை நிர்வகித்து அவள் செலவுக்கு மாதா மாதம் கொடுக்கும். அவளை யார் வளர்த்தாலும் அந்த மூலதனத்தில் கை வைக்க முடியாது. அதற்கு வீடு எங்கள் பெயருக்கு வர வேண்டும். கொழுந்தனாரை இங்கே அழைத்து வாருங்கள், நான் பேசுகிறேன், வீட்டில் வைத்துப் பேச வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார். படியிறங்கும்போதே என் கணவருக்கு மனம் கசந்துவிட்டது. சொந்தத் தம்பியிடம் பேச ஆபீசுக்குக் கூட்டிப் போவதா, அவன் என்ன நினைப்பான், நம்மை மனிதனாக மதிப்பானா என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. வெளியாள் முன் உட்கார வைப்பது அவமானம், வீட்டில் சோறு போட்டுச் சொல்வது மரியாதை. அப்படித்தான் மாமனாரின் வருடாந்திரப் படையல் நாளைத் தேர்ந்தெடுத்தோம்.

அன்று எல்லாம் நன்றாகத்தான் போனது. மாமனார் படத்துக்கு முன் வாழையிலையில் நண்டு, ஆட்டிறைச்சி, அவருக்குப் பிடித்த கறுப்பு பீர் ஒரு போத்தல். சாமி கும்பிட்டு முடித்ததும் வழக்கம் போல் பீரைக் கொழுந்தனார் எடுத்துக்கொண்டார். மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் உரித்துக் கொடுத்த நண்டைத் தின்றாள். அவர் கொடுத்தால் மட்டும்தான் அவள் நண்டு தின்பாள். ஓட்டுச் சில்லு ஒன்றுகூட இல்லாமல் விரலால் தடவிப் பார்த்துத்தான் கொடுப்பார். சாப்பிட்ட பிறகு அவள் தூங்கப் போனாள். வடையும் காப்பியும் வந்தன. வீட்டை எங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று என் கணவர் சொன்னார்.

கொழுந்தனார் கோப்பையைக் கீழே வைத்தார். "யாருண்ணே இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது? அண்ணியா?"

ஆலோசகரைப் பற்றிச் சொன்னேன். பிள்ளையின் பாதுகாப்புக்குத்தான் என்றேன். பாதுகாப்பு என்ற அந்த வார்த்தைதான் அவரைச் சுட்டது என்று இப்போது தோன்றுகிறது.

"இத்தனை வருசமா இந்த வீட்டுக்கு நாந்தானே பாதுகாப்பு," என்றார், மிகவும் தணிந்த குரலில். "இப்ப என்கிட்டேர்ந்து பாதுகாப்பா?"

எழுந்து வெளியே போனார். கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

கணவரின் கை முறிந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. சுவரோரம் சரிந்து உட்கார்ந்தவரின் தலைக்கு மேல் சுவரில் அடித்தார். சுண்ணாம்பு உதிர்ந்து என் கணவரின் முடியெல்லாம் வெள்ளையானது. நான் அந்தத் தடியைப் பிடித்துத் தொங்கினேன். என்னை உதறியதில் அலமாரியில் மோதி முதுகில் விழுந்தேன். மாமனாரின் படம் கீழே விழுந்து, தரையில் கொட்டிய கறுப்பு பீரில் கிடந்தது. எதிர் வீட்டு மலாய்க்காரர் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு யாரையோ கூப்பிட்டுக் கத்தினார்.

அப்போதுதான் மகள் அறையை விட்டு ஓடி வந்தாள். சத்தம் என்றால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போகிறவள் அன்று வெளியே வந்தாள். எங்களிடம் வரவில்லை. அவரிடம் ஓடினாள். தான் சொன்னால் சித்தப்பா நிறுத்திவிடுவார் என்று நினைத்தாள் போலிருக்கிறது. பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "சித்தப்பா, போதும்," என்றாள். அவர் தடியைப் பின்னுக்கு இழுத்தார். முழங்கை அவள் வாயில் இடித்தது.

அவள் அழவில்லை. வாயைத் திறந்து உள்ளங்கையில் எதையோ துப்பி, அதை அவரிடமே நீட்டினாள். முன்பல்லின் பாதி. நண்டில் ஓட்டுச் சில்லு வந்தால் அவரிடம் அப்படித்தான் நீட்டுவாள்.

தடி கீழே விழுந்தது. அவர் கண்ணாடிச் சில்லுகளின் மேலேயே உட்கார்ந்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார். "வீடு பேங்க்ல அடகுல இருக்கு. ரெண்டாவது லோரி அதை வச்சு எடுத்ததுதான். கட்டிடுவேன்னு நெனச்சேன் அண்ணி. உங்களுக்குத் தெரியாமலே கட்டி முடிச்சிடலாம்னு."

ஆலோசகர் ஒரு வாரம் கழித்துக் கண்டுபிடித்திருக்கக்கூடியதை அவர் அடியோடு சேர்த்துச் சொன்னார். வீட்டைக் கேட்டதற்காக அவர் அடிக்கவில்லை. கொடுக்க முடியாத இடத்தில் அதை வைத்திருந்தார். கேட்ட வாயை எப்படியாவது மூட வேண்டியிருந்தது.

கிள்ளான் மருத்துவமனையில் டாக்டர் கேட்டபோது என் கணவர், ஏணியிலிருந்து விழுந்துவிட்டேன் என்றார். ஏர்கோன் வேலைக்காரர், யாரும் நம்புவார்கள். மகளும் ஏணியில் இருந்தாளா என்று டாக்டர் கேட்கவில்லை, அவள் வாயைப் பார்த்தார். என் கணவர் நல்ல கையால் என் முழங்கையை அழுத்தினார். நான் கையை விடுவித்துக்கொண்டேன்.

"இல்ல டாக்டர். இவரு தம்பி அடிச்சாரு. பிள்ளைக்கும் அவரு கைதான் பட்டுச்சு."

அன்றே போலீஸ் புகாரும் கொடுத்தேன். அதன் பிறகு சொந்தக்காரர்களின் அழைப்புகள். குடும்ப விஷயத்தை ஸ்டேஷனுக்குக் கொண்டு போகலாமா, நாளைக்கு உங்கள் பிள்ளையை யார் பார்ப்பார்கள், போலீஸா பார்க்கும் என்றார்கள். ஒருவர், அண்ணன் தம்பி என்றால் அடிதடி இல்லாமலா என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரிந்தது. நெடுஞ்சாலைக் கதையை நான் சொன்னபோது சிரித்த அதே சிரிப்பு. என் கணவர் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. கட்டுப் போட்ட கையோடு உடைந்த மேசையின் சட்டத்தை வெளியே இழுத்துப் போட்டார், நான் உதவிக்குப் போனபோது விலகிக்கொண்டார்.

அந்த நாட்களில் ஒரு மாலை வேலை முடிந்து நான் மட்டும் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். ஆலோசகர் நான் சொன்னதைக் கேட்டு அதிர்ச்சியடைந்த மாதிரித் தெரியவில்லை. அங்கே சொல்லியிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்றும் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தார். நான் அதைக் குடித்து முடிக்கும்வரை கீழே பூக்காரர் மல்லிகை விலை சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

கொழுந்தனார் இல்லையென்றால் மகளைப் பார்க்க வேறு யாருமில்லையே என்றேன். இருபது வருடமாக நான் போட்ட கணக்கில் ஒரே ஆள்தானே இருந்தார்.

"பிள்ளையைப் பார்த்துக்கறவரும் காசைப் பார்த்துக்கறவரும் ஒரே ஆளா இருக்கணும்னு இல்ல அக்கா," என்றார். "இருக்கக்கூடாதுன்னுதான் நான் சொல்வேன். காசு ஒருத்தர்கிட்ட. பிள்ளை இன்னொருத்தர்கிட்ட. ரெண்டு பேரையும் கேள்வி கேக்கறதுக்கு மூணாவதா ஒருத்தர். அன்பு இருக்கறவருக்குக் கடன் வரலாம், கோபம் வரலாம். அன்னிக்கு உங்க பிள்ளை சோறு நிக்கக்கூடாது."

காப்புறுதி முகவர் தருவது ஒரு பாலிசி, வங்கி தருவது ஒரு கணக்கு. இந்தப் பெண் எனக்குத் தந்தது பிரித்துப் பார்க்கும் ஒரு கண். அது மிகவும் தாமதமாக, இரத்தத்தைக் கழுவிய பிறகு வந்தது என்பதால் அவர்மேல் குறை இல்லை. எங்களிடம் பணம் குறைவு, அதனால் இதெல்லாம் வேண்டாம் என்று நினைத்தோம். குறைவாக இருப்பவர்கள்தான் அதை முழுவதும் ஒரே கையில் கொடுத்து வைக்கிறோம். ஒரு கை தவறினால் எங்களுக்கு மிஞ்சுவது எதுவுமில்லை.

வீட்டை எங்கள் பெயருக்கு மாற்றும் கையெழுத்து போன மாதம் நடந்தது. கொழுந்தனார் இரண்டாவது லோரியை விற்று வங்கிக் கடனை அடைத்திருந்தார். வழக்கறிஞர் முன்னிலையில், ஆலோசகரின் அலுவலகத்தில்தான் சந்திப்பேன் என்று நான் சொல்லியிருந்தேன். காவல்துறை வழக்கு இன்னும் முடியவில்லை. அதை வாபஸ் வாங்க மாட்டேன் என்பதையும் சொல்லியிருந்தேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை என்றார் வழக்கறிஞர்.

மகளை விட்டுவிட்டு வர ஆளில்லை, அன்று பராமரிப்பு மையம் விடுமுறை. அவளும் வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பாவுக்கென்று இன்னும் ஒரு தட்டு எடுத்து வைக்கிறவள் என்பதால், ஓடிப் போய் அவரைக் கட்டிக்கொள்வாளோ என்றுதான் பயந்தேன். அவள் ஓடவில்லை. எனக்கும் அவள் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்து அவரைப் பார்த்துச் சிரித்தாள். கட்டிய பல் சிரிப்பில் கொஞ்சம் வேறு வெள்ளையாகத் தெரிந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வழக்கறிஞர் பேனாவை மேசையின் நடுவில் வைத்தார். எடுப்பதற்காகக் கொழுந்தனார் கையை நீட்டினார். அவ்வளவுதான். மகளின் இரண்டு கைகளும் மேலே போய் வாயைப் பொத்திக்கொண்டன. கண்கள் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தன. அவை அவர் கையைத்தான் பார்த்தன.

அவர் அதைப் பார்த்தார். கையை மெல்ல இழுத்துக்கொண்டார். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, பேனாவைத் தன் பக்கம் தள்ளும்படி வழக்கறிஞரிடம் கேட்டார். காட்டிய இடங்களில் எல்லாம் அப்படியே, கையை உடம்பை விட்டு எடுக்காமல், குனிந்து குனிந்து கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் இருந்த என் கணவரின் மூச்சு மாறியது. இவ்வளவு நாளும் அழாதவர் அப்போது அழுதார்.

எல்லாம் முடிந்ததும் ஆலோசகர் என்னிடம் கேட்டார். நாங்கள் போன பிறகு மகளை வந்து பார்க்க அனுமதி உள்ளவர்கள் யார் என்று ஒரு பகுதி இருக்கிறது, அங்கே யாருடைய பெயரைப் போடலாம்? அறையில் எல்லோரும் இருந்தார்கள். கொழுந்தனார் தலை நிமிரவில்லை.

"இப்ப யாரு பேரும் வேணாம்," என்றேன். "அது காலியா இருக்கட்டும்."

கீழே சேலைக் கடை வாசலில் கொழுந்தனார் எங்களுக்கு முன்பே இறங்கி நின்றுகொண்டிருந்தார். என் கணவர் மகளைக் கைப்பிடித்துச் சாலையின் அந்தப் பக்கம் கூட்டிப் போனார். நான் கடந்து போகும்போது அவர், "அண்ணி," என்றார். நின்றேன்.

"அந்த லாக் போலீஸ்லதான் இருக்கு. வேற வாங்கல."

தலையை மட்டும் அசைத்தேன். சாலையின் அந்தப் பக்கத்திலிருந்து மகள் அவருக்குக் கையாட்டினாள். இன்னொரு கை வாயின் மேலேயே இருந்தது. அவர் கையாட்டவில்லை. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, நாங்கள் மோனோரெயில் ஸ்டேஷன் படியேறி மறையும்வரை அங்கேயே நின்றார்.